கல் சிங்குக்கு எண்ணெயா, சீலரா, வெறும் சோப்புத் தண்ணீரா?

போன தைப்பூசத்துக்கு முந்தின இரவு எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பந்தலுக்காக எலுமிச்சம்பழம் பிழிந்தோம், கூடை கூடையாக, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து. பிழிந்த மூடிகளைக் கையோடு வெள்ளை மார்பிள் சிங்கில் போட்டுக்கொண்டே வந்தோம், அப்புறம் விடிகாலையில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கிளம்ப வேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். மறுநாள் மாலை வந்து மூடிகளை அள்ளினால் தொட்டியின் அடியில் வட்ட வட்டமாகத் தடம். ஒவ்வொரு மூடியும் கவிழ்ந்து கிடந்த இடம் அச்சு எடுத்த மாதிரி தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். சுற்றிலும் வழுவழு, வட்டத்தின் விளிம்பில் மட்டும் சொரசொர. கறை என்று நினைத்து அரைமணி நேரம் தேய்த்தேன், போகவில்லை. போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை. அந்த இடத்தில் கல்லே கொஞ்சம் கரைந்துபோயிருந்தது.

இதில் என்னை ரொம்ப வருத்தியது வேறு. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அந்தத் தொட்டிக்குச் சீலர், அதாவது கல்லுக்குக் காப்பாகப் பூசுகிற திரவம், அடித்திருந்தேன். விற்றவர் "இனி எதுவும் ஒன்றும் பண்ணாதுக்கா" என்று சொல்லித்தான் புட்டியைக் கொடுத்தார், நானும் நம்பினேன். இப்போது என் தங்கை பினாங்கின் பிறை என்கிற ஊரில் வாங்கிய வீட்டில் கல் சிங்க் போட்டிருக்கிறாள், "அக்கா, எதைப் பூசட்டும்?" என்று கேட்டாள். எண்ணெய், சீலர், மேல்பூச்சு, ஒன்றும் பூசாமல் சோப்பும் துணியும் மட்டும் என்று நாலு வழி இருக்கிறது. அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என்ன கல் என்று கேட்காமல் எல்லாத் தொட்டிக்கும் ஒரே புட்டியை நீட்டுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீடுகளுக்கு இது புதிய சங்கதி இல்லை. அம்மிக்கல் கருங்கல், அதாவது கிரானைட். அதில் எத்தனை தலைமுறை புளி வைத்து அரைத்திருக்கிறோம், எங்கேயாவது புளி பட்டு அம்மி கரைந்தது என்று கேள்விப்பட்டதுண்டா? குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த கல் அது, சமையல் புளிப்பு எதுவும் அதை அசைக்காது. நம் பினாங்குத் தீவின் மலையே பெரும்பாலும் இந்தக் கல்தான், கொடிமலை ஏறும்போது வழியெல்லாம் கிடக்கிற பாறைகளைப் பார்த்தால் தெரியும். பத்துமலை வேறு. அது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீரில் இருக்கிற மிக மெல்லிய அமிலத்திலேயே லட்சக்கணக்கான வருடம் கரைந்து கரைந்துதான் அத்தனை பெரிய குகை உண்டானது. மார்பிள் என்பது அதே சுண்ணாம்புக் கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறியது, ஈப்போ பக்கம் வெட்டி எடுக்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். மழைக்கே கரைகிற கல்லின் மேல் பிஎச் 2 அளவில் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) இருக்கிற எலுமிச்சைச் சாறு ஒரு இரவு முழுக்க நின்றால் என்ன ஆகும் என்பதை என் தொட்டி காட்டிவிட்டது.

மூன்றாவது மாக்கல். கல்சட்டி செய்கிற கல். அம்மா வைத்திருக்கிற கல்சட்டி பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தது, இன்றைக்கும் அதில்தான் வத்தக்குழம்பு. புளிக்குழம்பை மூன்று நாள் அதில் வைத்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. மாக்கல்லில் முக்கியமாக இருப்பது டால்க், நாம் முகத்துக்குப் போடுகிற பவுடரின் மூலப்பொருள். ஆகவே ரொம்ப மென்மை, கத்தி முனை பட்டாலே கீறிவிடும், ஆனால் தண்ணீரையும் சாற்றையும் உள்ளே வாங்காது. மாக்கல் சிங்க் இங்கே அபூர்வம்தான், இருந்தாலும் கீழே சொல்லப்போவதற்கு அது தேவைப்படும்.

இன்னொரு எச்சரிக்கை. கடையில் 'கிரானைட் சிங்க்' என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலானவை மலையில் வெட்டிய கல் இல்லை. குவார்ட்ஸ் மணலையும் அக்ரிலிக் பிசினையும் கலந்து அச்சில் வார்த்தது, மணல் சுமார் 80 விழுக்காடு இருக்கும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது தண்ணீரைக் குடிக்காது, அதற்குச் சீலர் வாங்கினால் காசு தண்டம். மேலே ஒரே நிறமாக, ஒரே மாதிரிப் பொடிப் புள்ளியாக இருந்து, அடிப்பக்கமும் மூலைகளும் அச்சில் வார்த்த மாதிரி உருண்டு இருந்தால் அது வார்ப்புதான் என்று வைத்துக்கொள்ளலாம். கல் என்றால் புள்ளியும் ரேகையும் ஒழுங்கில்லாமல் ஓடும், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் யாரும் கவனிக்காத ஒரு மூலையில், வடிகால் வளையத்தின் ஓரமாக, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலோ அந்த இடம் மங்கினாலோ மார்பிள் குடும்பம். ஒன்றும் ஆகாவிட்டால், கண்ணில் படாத இடத்தில் ஓர் இரும்பு ஆணியால் லேசாகக் கீறிப் பாருங்கள். கருங்கல்லில் கோடு விழாது, ஆணிதான் தேய்ந்து சாம்பல் நிறத் தடம் விடும், மாக்கல்லில் வெள்ளையாகக் கோடு விழும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். துடைத்த பிறகு அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலருக்கு அங்கே வேலை இருக்கிறது. கறுக்கவில்லையா, வேலை இல்லை. இந்தச் சொட்டுச் சோதனைக்கு மேல் எந்த விற்பனையாளர் சொல்வதையும் நான் இப்போது நம்புவதில்லை.

சரி, எண்ணெயில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற முதல் வைத்தியம் அதுதான். கல்சட்டியைப் பழக்குவதற்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, வடித்த கஞ்சியை ஊற்றி வைக்கிறோமே, அதே பழக்கத்தில் கல் தொட்டிக்கும் எண்ணெய் என்கிறார்கள். மாக்கல்லுக்கு அது சரியான யோசனை. அங்கே எண்ணெய் பாதுகாப்புக்கு இல்லை, அழகுக்கு. மாக்கல் தானாகவே திட்டுத் திட்டாகக் கறுக்கும், எண்ணெய் தடவினால் ஒரே சீராகக் கறுக்கும், அவ்வளவுதான். தடவுவதானால் மினரல் எண்ணெய் தடவுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும், கெட்டுப்போகாது, சிக்கு வாடை வராது. நல்லெண்ணெயும் சமையல் எண்ணெயும் நம் வெக்கைக்குச் சில வாரத்திலேயே பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, துடைக்கவே முடியாத படலமாகிவிடும். கருங்கல்லுக்கு எண்ணெய் வேண்டாம். அது உள்ளே போய்த் திட்டாக நிற்கும், அதுவே ஒரு கறை. வெள்ளை மார்பிளுக்கோ கிட்டவே கொண்டுபோகாதீர்கள், மஞ்சளித்துவிடும்.

மேல்பூச்சு என்று ஒன்று விற்கிறார்கள், கல்லின் மேல் வார்னிஷ் போல ஒரு படலம். பூசிய அன்றைக்குக் கண்ணைப் பறிக்கும். ஆனால் சிங்க் என்பது குண்டான், குக்கர், கரண்டி எல்லாம் விழுகிற இடம், சூடான கஞ்சி கொட்டுகிற இடம். படலம் கீறி, ஓரம் தூக்கி, அதற்கடியில் தண்ணீர் புகுந்து, பாளம் பாளமாக உரியத் தொடங்கும். உரிந்ததை எடுக்க ரசாயனம் போட்டுச் சுரண்ட வேண்டும். சுவருக்கோ தரைக்கோ என்றால் யோசிக்கலாம், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கல்லுக்குள் ஊறும் சீலர்தான் உண்மையில் போட்டிக்கு நிற்பது. அது மேலே படலம் போடாது, கல்லின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். கவனியுங்கள், தாமதப்படுத்தும் என்றுதான் சொல்கிறேன். மீன்கறிச் சட்டியின் எண்ணெயைத் துடைக்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் வாங்கித் தரும். கருங்கல்லுக்கு அது போதும், கருங்கல்லின் எதிரி கறைதான், புளிப்பு இல்லை. அதிலும் வெளிர் நிறக் கருங்கல்தான் அதிகம் குடிக்கும், அடர்ந்த கறுப்புக் கல் பல சமயம் சொட்டுச் சோதனையிலேயே தேறிவிடும், அதற்குச் சீலரைப் பூசினால் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே காய்ந்து மூட்டமாக நிற்கும். மார்பிளுக்குச் சீலர் பாதி வேலைதான் செய்யும். தேநீர், மஞ்சள் கறை உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் புளிப்பு மேற்பரப்பைத் தின்பதைத் தடுக்காது, ஏனென்றால் எலுமிச்சைச் சாறு கல்லுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, மேலே தொட்டாலே போதும். மூன்று மாதச் சீலர் என் தொட்டியைக் காப்பாற்றாததன் காரணம் இதுதான், இதை அன்றைக்கே யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் மூடிகளை ஒரு வாளியில் போட்டிருப்பேன்.

தங்கை வீட்டுக் கல் வெளிர் சாம்பல் கருங்கல், சொட்டு விட்டதும் ஏழெட்டு நிமிடத்தில் கறுத்தது. ஆகவே சீலர் என்று முடிவு செய்தோம். பூசுவதில் பாதிப் பேர் தவறுகிற இடம் காயவிடுவது. புட்டியில் 24 மணி நேரம் உலரவிடு என்று போட்டிருந்தது, ஆனால் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது போதாது என்று இரண்டு இரவு மேசை விசிறியைத் தொட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தோம். வடிகால் வளையத்தைச் சுற்றி மட்டும் கல் கறுப்பாகவே இருந்தது, அந்த ஈரக் கறுப்பு மறைந்து எங்கும் ஒரே நிறம் ஆன பிறகுதான் புட்டியைத் திறந்தோம். வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து, மேலிருந்து கீழாக, மூலைகளில் தேங்காமல் மெல்லிசாகப் பூசி, புட்டியில் சொன்ன பத்து நிமிடம் விட்டு, இன்னும் ஈரமாக இருக்கும்போதே வேறு உலர்ந்த துணியால் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் காய்ந்துவிட்டால் பால் சிந்தின மாதிரி மூட்டம் கட்டும், அதை எடுப்பது தனிப் பாடு. பூசி முடித்து ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. மொத்தம் மூன்று நாள் சிங்க் இல்லாமல் சமாளிக்க வேண்டும், அதனால் வீட்டுக்குக் குடிபோகும் முன்பே செய்துவிடுவது நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், கரைப்பான் கலந்த வகை என்றால் பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

ஒன்றும் பூசாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாக்கல்லுக்கும் கறுப்புக் கருங்கல்லுக்கும் அதுவே போதும். ஆனால் அந்த முடிவு எடுத்தவர்கள் ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவியதும் தொட்டியைச் சோப்புப் போட்டு அலசி, துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். எந்தக் கல்லானாலும், எதைப் பூசினாலும் இந்தத் துடைப்புக்குச் சமமான பராமரிப்பு வேறு இல்லை. நான் சொல்வது அரை நிமிட வேலை.

தினமும் கழுவ சாதாரணப் பாத்திரச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சின் மெத்தென்ற பக்கம். கருங்கல்லானால் தேங்காய் நாரும் தாங்கும். இரும்பு நார் எந்தக் கல்லுக்கும் வேண்டாம், அதன் துணுக்கு கல்லின் துளையில் மாட்டித் துருப்பிடிக்கும். ஈரத் தோசைக்கல்லை ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடத்தினாலும் அதே கதிதான். துருக்கறைக்கு என்று விற்கிற சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அது கருங்கல்லையே அரிக்கும், தோலில் பட்டால் பெரிய ஆபத்து, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வினிகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் எதற்கெடுத்தாலும் வினிகரும் ஆப்பசோடாவும் ஊற்றிப் பொங்கவிடுகிறார்கள். கடின நீர் வருகிற நாடுகளில் குழாயடியில் கட்டியாக உப்புப் படியும், அவர்களுக்கு வினிகர் தேவைப்படுகிறது. நமக்கு வருகிற தண்ணீர் மென்மையானது, படிவதே குறைவு, இங்கே வினிகர் ஊற்றுவதால் மார்பிளுக்குச் சேதம் மட்டும்தான் மிச்சம். கழிவறை கழுவுகிற அமிலம் அதைவிட மோசம், ஒரு நிமிடத்தில் மெருகை எடுத்துவிடும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான்களையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். முக்கியமாக, வெளுப்பானையும் வினிகரையும் ஒரே தொட்டியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளியேறும், அடைத்த சமையலறையில் அது மூச்சையே நிறுத்தக்கூடியது.

கறை பட்டுவிட்டால் பற்றுப் போடலாம், வீக்கத்துக்குப் போடுகிற மாதிரியே. ஆப்பசோடாவைத் தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறை மேல் விரல்கடை கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரம் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், காயக் காய உள்ளே போன எண்ணெயை அது மேலே இழுத்துக்கொள்ளும். ஒருமுறையில் போகாவிட்டால் இரண்டு மூன்று முறை போடுங்கள். தேநீர், காப்பிக் கறைக்குத் தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கிற 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குழைக்கலாம், ஆனால் அது வெளுக்க வைக்கக்கூடியது, கறுப்புக் கல்லில் முதலில் மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறை மேல் சோப்போ ஆப்பசோடாவோ பட்டதும் சிவக்கும், பயந்துவிடாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே வேலைதான் அது. அலசினால் சிவப்பு இறங்கும், மிச்ச மஞ்சளை வெயில் எடுத்துவிடும். என் தொட்டி ஜன்னலடியில் இருப்பதால் மஞ்சளுக்கு நான் எதுவுமே போடுவதில்லை.

என் மார்பிளின் வட்டங்களுக்குப் பற்றால் பயன் இல்லை, கரைந்ததை எது திருப்பிக் கொண்டுவரும்? கல் தேய்க்கிற ஒருவரை அழைத்தேன். இரண்டு வழி சொன்னார். வைரப் பட்டையால் படிப்படியாகத் தேய்த்து மறுபடி கண்ணாடி மெருகு ஏற்றலாம், அல்லது தொட்டி முழுவதையும் மெருகு இல்லாமல் மழமழவென்று மட்டும் தேய்த்து நிறுத்திவிடலாம். மெருகு அழகுதான், ஆனால் அடுத்து அசாம் லக்சா என்கிற புளி மீன் நூடுல்ஸ் வைக்கிற நாளில் புளிச்சாறு தெறித்தால் மறுபடி தடம் விழும், பளபளப்புக்கு நடுவே மங்கல் பளிச்சென்று தெரியும். மெருகில்லாத கல்லில் கரைந்த தடம் விழுந்தாலும் கண்ணுக்கு எடுக்காது. இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன், அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. மார்பிள்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மெருகில்லாமல் வாங்குங்கள், முடிந்தால் முன்பக்கத்து உலர் சமையலறையில் வையுங்கள். குழம்பும் மீனும் கழுவுகிற பின்பக்கத்துத் தொட்டி கருங்கல்லாகவே இருக்கட்டும், அல்லது வெறும் எவர்சில்வராகவே இருக்கட்டும், அதிலும் குறைவில்லை.

சீலர் எத்தனை நாள் நிற்கும் என்று தங்கை கேட்டாள். புட்டியில் வருடக்கணக்கு போட்டிருப்பார்கள், ஆனால் அது சமையல் மேடைக்குப் பொருந்தும். தினமும் மூன்று வேளை சோப்பும் சூடும் படுகிற தொட்டியில் அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிகால் பக்கத்தில் ஒரு சொட்டு, சுவர்ப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வடிகால் பக்கம்தான் எப்போதும் முதலில் கறுக்கும். அடுத்த சோதனையைத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றாள், இந்த முறை எலுமிச்சை பிழிவது அவள் வீட்டில்.